ஒயர் போகும் வழி: போளூர் மெக்கானிக் தம்பிக்கு



உன் கட்டுரை வந்து சேர்ந்தது. உறையின் பின்பக்கம் வெறுமனே 'போளூர்' என்று எழுதியிருந்தாய். திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே பிரித்தேன். முதல் வரியில் உறைபனி வந்த பிறகுதான் நம் மலைமேல் போளூர் என்று பிடிபட்டது. இனிமேல் 'கொடைக்கானல் வழி' என்று சேர்த்து எழுது.

சங்க மலரில் போடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துத் தரச் சொன்னாய். பார்த்தேன். தலைப்பிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆக்சிலேட்டர் ஒட்டிய ஒரு ஆம்னி வேனைப் பற்றி எழுதிவிட்டு 'பனி செய்த கோளாறு' என்கிறாய். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, போளூர் வரிசையில் மார்கழி, தையில் புல் வெளுத்து நிற்பது புதுசா? உங்கள் ஊரில் எத்தனை ஜீப், எத்தனை பிக்கப், எத்தனை வேன் அதே பனியில் ராத்திரி முழுக்க வாசலில் நிற்கின்றன? அவற்றுக்கெல்லாம் ஒட்டாத ஆக்சிலேட்டர் இந்த ஒரு ஆம்னிக்கு மட்டும் ஏன் ஒட்டியது? இதற்குப் பதில் சொல்லாமல் பனியைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதியிருக்கக் கூடாது. பனி ஊருக்கே பொது. கோளாறு ஒரே ஒரு வண்டியில் இருந்தது.

பெடல் தனி, ஒயர் தனி, பட்டர்ஃப்ளை தனி என்று மூன்றையும் பிரித்து, எது ஒட்டுகிறது என்று கையால் அசைத்துப் பார்த்தாயா என்று கேட்டு உன்னைச் சிறுமைப்படுத்த மாட்டேன். பார்த்திருப்பாய். கை வேலை தெரிந்தவன் என்பது எழுத்திலேயே தெரிகிறது. என் சண்டை வேறு.

பூண்டைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறாய். நம் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த ஆம்னியில் மூட்டை ஏற்றுவது (இது ஆர்டிஓ கண்ணில் படாத பத்திரிகையாகப் பார்த்துப் போடு), வேனுக்குள் நாள் கணக்கில் நிற்கும் வாசனை, எல்லாம் இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது. ஆனால் ஆக்சிலேட்டர் ஒட்டிய நேரத்துக்கு நீ கொடுத்தது இரண்டே சொல்: 'காலை வேளைகளில்'.

எந்தக் காலை, தம்பி?

சாவி போடுவதற்கு முன்னால், வண்டி விறைத்து நிற்கும்போது, முதல் மிதியிலேயே ஒட்டியதா? கிளம்பி, பூம்பாறை தாண்டி மூடுபனிக்குள் கால்மிதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒட்டியதா? டம்டம் பாறை இறங்கி, ஓட்டுநர் ஸ்வெட்டரைக் கழற்றிப் பக்கத்தில் போட்ட பிறகும் ஒட்டியதா? மூன்றும் அவர் வாயில் 'காலையில ஒட்டுதுப்பா' என்றுதான் வரும். பிரித்துக் கேட்க வேண்டியது நீ.

முதல் மிதியில் ஒட்டி, இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடியதும் விட்டுவிட்டால், ஒயரின் வெளியுறையான அவுட்டருக்குள் தண்ணீர் இருக்கிறது. ராத்திரி உறைந்து உள்கம்பியான இன்னரைக் கவ்வுகிறது. ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தானே, சூடு சீக்கிரம் பரவிவிடும். உன் பட்டறைக்கு வண்டி வந்து சேரும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். நீயும் ஓட்டுநரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

மூடுபனிக்குள் ஓடும்போது ஒட்டினால் ஒயர் பக்கமே போகாதே. கார்ப்பரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். குறுகிய தொண்டை வழியாகக் காற்று பாயும்போது அழுத்தம் இறங்கி இன்னும் குளிரும். வெளியே 10 டிகிரி இருக்கும்போதே உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது பட்டர்ஃப்ளையின் விளிம்பில் கட்டியாகி உட்கார்ந்துகொள்ளும். இதற்கு உறைபனியே வேண்டாம். ஐப்பசி மழையில், புல்லில் ஒரு வெள்ளைப் பொட்டு இல்லாத நாளிலும் வரும். கார்ப்பரேட்டர் வைத்த சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இது ஆரம்பப் பாடம். கார்ப்பரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிட அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் தனியாக ஒரு பிடியே இருக்கும். பல கார்ப்பரேட்டர் கார்களிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசி வரும் சூடான காற்றை ஏர் கிளீனருக்குக் கொண்டுவர ஒரு குழாய் உண்டு. கீழே சமவெளியில் வேலை பார்த்த எவனாவது, 'இது எதுக்கு இங்க?' என்று அதைக் கழற்றி எறிந்திருப்பான். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் வேறு கலக்கிறார்கள். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகமாகச் சூட்டை இழுக்கும். உன் ஆம்னியின் ஏர் கிளீனர் எந்தக் காற்றை இழுக்கிறது என்று பார்த்தாயா? பார்த்திருந்தால் எழுதியிருப்பாய். இந்தக் கோளாறில் இன்னொரு தொல்லை, ஓட்டுநர் பயந்துபோய் ஓரம்கட்டி ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கட்டி உருகி, தடயம் இல்லாமல் போய்விடும்.

கீழே வடுகபட்டிச் சந்தையில் மூட்டையை இறக்கிவிட்டு, வெயிலில் வண்டியைத் திருப்பும்போதும் ஒட்டுகிறது என்றால் குளிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னரில் ஓர் இழை அறுந்து சிலிர்த்துக்கொண்டு நிற்கும். மிதிக்கும் திசையில் படிந்து போகும், திரும்பும் திசையில் குத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்து, பிரேக்கெட்டோடு ஒயரைக் கோணலாக இழுக்கும். 'வடுகபட்டியில ஒட்டுச்சாண்ணே?' இந்த ஒரு கேள்வியை நீ கேட்டிருந்தால் உன் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும். காலுக்கடியில் என்ன விரித்திருந்தார்? மேல்மலையில் குளிர் வந்ததும் வேன்காரர்கள் தரையில் சாக்கை மடித்துப் போடுவார்கள். தகரம் காலைச் சில்லிட வைக்கும், பாவம். அந்தச் சாக்கு நாலு நாளில் முன்னால் நகர்ந்து பெடலுக்கு அடியிலோ மேலேயோ ஏறிக்கொள்ளும். பனிக்காலத்தில் மட்டும் ஒட்டுகிற பெடலுக்கு இதைவிட எளிய காரணம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் பனிக்காலத்தில் மட்டும்தான் சாக்கு வரும். சிரிக்காதே. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில், சான் டியேகோ பக்கத்தில் ஒரு லெக்சஸ் காரில் நாலு பேர் செத்தார்கள். காலுக்கடியில் போட்டிருந்த ரப்பர் விரிப்பு ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள்.

இப்போது உன்னைப் புகழப் போகிறேன். உட்கார்ந்து படி.

மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: அந்த ஓட்டுநரின் வலதுகால் கேன்வாஸ் ஷூவில், கட்டைவிரலுக்கு நேர் மேலே துணி நைந்து நூல் தெரிந்தது, இடதுகால் ஷூ வாங்கினது வாங்கினபடி இருந்தது என்று. தம்பி, மெக்கானிக்குகள் எழுதியதில் நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். கையேடுகள், மலர்கள், கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த வழுவழுத் தாள்கள். இப்படி ஒரு வரியை எவனும் எழுதியதில்லை. வண்டி உள்ளே வந்ததும் எல்லோரும் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்ப்போம். நீ ஓட்டுநர் இறங்கும்போது அவர் காலைப் பார்த்திருக்கிறாய். அந்தக் கண்ணை எந்த மேஸ்திரியாலும் கற்றுக்கொடுக்க முடியாது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றபடி ஒரு போஸ்ட் கார்டில் 'மாற்றி எழுது' என்று போட்டிருப்பேன்.

அப்படிப்பட்ட வரியை எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஒட்டலுக்கு வைத்தியமாக ஸ்பிரிங் வாங்கப் போய்விட்டாயே!

அந்தத் துணி எப்படி நைந்தது? பெடல் மேலே வராத ஒவ்வொரு தடவையும் அவர் பாதத்தைப் பெடலுக்கு அடியில் விட்டு நெம்பித் தூக்கியிருக்கிறார். கேன்வாஸ் நூல் தெரிகிற அளவுக்கு நைய வேண்டுமானால் எத்தனை தடவை தூக்க வேண்டும்? மார்கழி பிறந்து உன்னிடம் வருவதற்குள் நடக்கிற காரியமா அது? ஆடியிலோ ஆவணியிலோ ஒட்ட ஆரம்பித்திருக்கும். அவருக்கே தெரியாமல் அவர் கால் அதற்குப் பழகிவிட்டது. குளிர் வந்து ஒட்டல் இறுகி, காலால் நெம்பியும் வராத ஒரு நாளில் பயந்திருக்கிறார். வண்டிக்காரர்கள் கோளாறு தொடங்கிய நாளைச் சொல்ல மாட்டார்கள், தாங்கள் பயந்த நாளைத்தான் சொல்வார்கள். அவர் சொன்ன நாளை நீ எழுதிக்கொண்டாய், அவர் ஷூ சொன்ன நாளை விட்டுவிட்டாய். பனி செய்த கோளாறு என்ற உன் தலைப்பை உன் மூன்றாம் பக்கமே பொய்யாக்குகிறது.

சரி, இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். நீ கடிதத்தில் மாட்டிக்கொண்டாய்.

ஒயரைப் பற்றி எழுதியிருக்கிறாய். அது போகும் வழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெடலில் புறப்பட்டு எங்கே தகரத்தைத் துளைத்து வெளியே போகிறது, எத்தனை இடத்தில் வளைகிறது, எந்தெந்த கிளிப் இருக்கிறது, எது இல்லை, எங்கே தொங்குகிறது? எனக்கு ஒயரைக் காட்ட வேண்டாம், வழியைக் காட்டினால் போதும். எங்கே ஒட்டும் என்று சொல்லிவிடுவேன்.

நான் தொழில் பழகிய காலத்தில் மேல்மலைக்குப் போன வண்டிகளில் பாதிக்குமேல் பழைய ஜீப்தான். அதில் ஒயர் கிடையாது. கம்பி, மூட்டு, மறுபடி கம்பி. மண் ஏறி மூட்டு இறுகினால் விரலால் தொட்டே கண்டுபிடிக்கலாம். இரண்டு சொட்டு ஆயில் விட்டு, நாலு தடவை ஆட்டினால் முடிந்தது வேலை. எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896-ல் காப்புரிமை வாங்கியதிலிருந்து சைக்கிள் பிரேக்கிலிருந்து எல்லாவற்றிலும் ஒயர் நுழைந்துவிட்டது. நல்ல சாமான்தான். எப்படி வளைத்தாலும் போகும். அதனாலேயே எவனும் எப்படியும் வளைத்துவிடுகிறான். உள்ளே நடப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வத்தலக்குண்டில் எங்கள் மேஸ்திரி கழற்றிய பழைய அவுட்டரை எறியவே விடமாட்டார். ஒரு முனையைச் சுவரில் ஆணியில் மாட்டி, கீழ்முனைக்கு நேராக ஒரு கிரீஸ் டப்பா மூடியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் வந்து பூட்டைத் திறந்ததும், சாமி படத்தைக்கூடப் பார்க்காமல், அந்த மூடியைத்தான் பார்ப்பார். காய்ந்து கிடந்தால் முகம் விழுந்துவிடும். செம்மண் நிறத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கியிருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீயோடு வடை. அப்புறம் அவுட்டரை மேஜையில் போட்டு, மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறையை பிளேடால் நீளவாட்டில் கீறி உரிப்பார். உள்ளே சுருண்டிருக்கும் கம்பியை இழுத்து விரிப்பார். இரண்டு முனையும் புதுசாகப் பளபளக்கும். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கம்பி கறுத்து, துரு பொருக்காக உதிரும். அந்த ஒரு சாணை மட்டும் எங்களிடம் கொடுத்து, 'இது வண்டியில எங்க இருந்துச்சு, போய்த் தொட்டுக் காட்டு' என்பார். போய்ப் படுத்துப் பார்த்தால், கிளிப் விட்டுப்போய், ஒயர் இரண்டு முனைக்கும் கீழே வயிறு தள்ளித் தொங்கிய இடமாக இருக்கும். தண்ணீர் எங்கே நுழைந்தாலும் கடைசியில் அந்த வயிற்றில்தான் போய்த் தங்கும். தப்பாகக் காட்டியவனுக்கு வடை கிடையாது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். உன் கட்டுரையை யாராவது படித்துக் காட்டியிருந்தால் ஷூ வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை கேட்டிருப்பார். ஸ்பிரிங் வருகிற இடத்தில் எழுந்து பல் துலக்கப் போயிருப்பார்.

உன் ஆம்னிக்கு வா. பெடல் முன்னால், இன்ஜின் பின்னால், நடுவில் ஒயர். சந்தையிலிருந்து திரும்பும்போது வாட்டர் வாஷ் அடிக்கிறவன் அடியில் குழாயைக் காட்டி ஒரு வாங்கு வாங்குகிறான். பெடல் பக்கத்து ரப்பர் மூடி கிழிந்திருந்தால் தண்ணீருக்கு ராஜபாட்டை. அது போதாதென்று வடுகபட்டி வெயிலில் நாள் முழுக்க ஈரக்காற்றைக் குடித்த அவுட்டர், 2,100 மீட்டர் உயரத்திலிருக்கும் கொடைக்கானலைத் தாண்டி அதே ராத்திரி போளூர்க் குளிரில் போய் நிற்கிறது. உள்ளே வேர்க்காமல் என்ன செய்யும்? ஆம்னி 1984-ல் வந்த வண்டி. 2019-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இப்படி நின்றுபோன வண்டிகளுக்குக் கைக்குக் கிடைத்த ஒயரை, நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று மாட்டி, மிச்சத்தை ஒரு வளையமாகச் சுற்றி, கட்டுக்கம்பியால் சேஸில் கட்டிவிடுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. உன் வண்டியில் அப்படி ஒரு வளையம் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

அந்த ஒயருக்குள் நீ கிரீஸ் விட்டிருக்கிறாய். உள்ளே ஏற்கெனவே தங்கியிருந்த தண்ணீரை அடைத்து மூடி வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். குளிரில் கிரீஸ் இறுகும் என்பது உனக்குத் தெரியாததா? மலைமேல் ஒயருக்கு லேசான ஆயில்தான். அதுவும் வண்டியில் இருக்கும்போதே மேலே ஊற்றிவிட்டு வந்துவிடக் கூடாது. கழற்று, நேராகத் தொங்கவிடு, மேல்முனையில் ஒரு காகிதக் கூம்பைக் கட்டி ஆயிலை ஊற்று, கீழே கறுப்பாக வருவது நின்று சுத்தமான ஆயில் சொட்டும்வரை விடு. உள்ளே நைலான் குழல் வைத்த ஒயராக இருந்தால் ஆயிலும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். அது கெட்டால் மாற்றுவதுதான்.

இப்போது ஸ்பிரிங். இதற்குத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ரிட்டன் ஸ்பிரிங்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு கனமான ஸ்பிரிங் மாட்டினேன், ஒட்டல் போயிற்று என்று எழுதியிருக்கிறாய். போகவில்லை தம்பி, நீ அதை ஒளித்து வைத்திருக்கிறாய். ஒட்டுகிற பெடல் ஓட்டுநரின் காலுக்கு ஒரு சேதி சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சேதியை நீ அடைத்துவிட்டாய். உள்ளே துரு வளரும், இழை அறுந்துகொண்டே போகும், பெடல் மட்டும் சமர்த்தாக மேலே வந்துகொண்டிருக்கும். இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து இழுத்தும் வராத நாள் ஒன்று வரும். அது பெருமாள்மலைக்குக் கீழே ஏதாவது ஒரு வளைவிலா வரவேண்டும்?

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. வளைந்து போகிற ஒயரை எவ்வளவு பலமாக இழுக்கிறாயோ, வளைவில் அது அவ்வளவு அழுந்தி உரசும். நீ ஸ்பிரிங்கைக் கனமாக்கினால் வளைவில் உரசலும் கூடவே கூடுகிறது. வளைவு அதிகமானால் இன்னும் மோசம். நேரான ஒயருக்கு லேசான ஸ்பிரிங் போதும். கோணலான ஒயருக்கு எந்த ஸ்பிரிங்கும் போதாது. மேலே முக்கால் பக்கம் வழியைப் பற்றி நான் புலம்பியதற்கு இதுதான் காரணம். அதோடு, அந்தக் கனமான பெடலை மிதித்துக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து போளூர்வரை ஏறுகிறவரின் முழங்காலை நினைத்துப் பார்த்தாயா?

'அமெரிக்காக்காரனே இரண்டு ஸ்பிரிங் போடுகிறானே' என்று நீ என்னை மடக்கப் பார்க்கலாம். போடுகிறான், உண்மை. 1973-லிருந்து அங்கே சட்டமே இருக்கிறது: ஆக்சிலேட்டரைத் திருப்பி இழுக்க இரண்டு தனித்தனி ஆதாரம் வேண்டும், ஒன்று போனாலும் மற்றொன்று தனியாகவே இன்ஜினை ஐடிலுக்குக் கொண்டுவர வேண்டும். சின்ன வண்டியில் ஒரே வினாடியில் திரும்பிவிட வேண்டும். கடுங்குளிரில் மூன்று வினாடிவரை பொறுப்பார்கள், மைனஸ் 40 டிகிரிவரை இந்தக் கணக்குத்தான். ஒன்று அறுந்தால் காப்பாற்றத்தான் இரண்டாவது. ஒட்டுகிற ஒயரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவர எந்தச் சட்டமும் ஸ்பிரிங் கேட்கவில்லை. ஒயர் சுத்தமாக ஓடுகிற வண்டியில், முதல் ஸ்பிரிங் அளவிலேயே இரண்டாவது ஒன்றை நீ மாட்டியிருந்தால் உன் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன்.

அதே அமெரிக்காவில் 2010 ஜனவரியில் டொயோட்டா 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, ஒட்டுகிற பெடலுக்காகத்தான். நம் ஆம்னிபோல ஒயர் வைத்த வண்டிகள் அல்ல. பெடல் மிதிப்பதற்குக் கனமாகத் தெரியட்டும் என்று உள்ளேயே ஓர் உரசு துண்டு வைத்திருந்தார்கள். அது தேய்ந்து, ஈரம் படும்போது, குறிப்பாகக் குளிரில் ஹீட்டர் போட்டு உள்ளே நீர் பூக்கும்போது, பெடலைப் பிடித்துக்கொண்டது. எலெக்ட்ரானிக்ஸ்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேசி, கடைசியில் நாசாவைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். எலெக்ட்ரானிக்ஸில் கோளாறு காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அந்தப் பெடலுக்கு என்ன வைத்தியம் செய்தார்கள் தெரியுமா? உரசும் இடத்தில் இடைவெளி விட, ஒரு சின்ன இரும்புத் தகடு. விரல் நகம் பெரிதாக இருந்தால் அந்த அளவுதான் இருக்கும். அத்தனை லட்சம் வண்டிக்கும் காரணம் எழுதும்போது, தேய்மானம், ஈரம், உரசும் இடம் இன்னது என்று விரல் வைத்துக் காட்டினார்கள். குளிர் ஒரு வேளைதான் அவர்களுக்கு. உனக்கோ அது தலைப்பு.

ஓட்டுநருக்கு நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்பதும் உறுத்துகிறது. மலரை மெக்கானிக்குகள் மட்டுமா படிக்கிறார்கள்? பட்டறையில் காத்திருக்கிறவர்கள்தான் அதிகம் புரட்டுவார்கள். இறக்கத்தில் ரேஸ் நின்றுகொண்டால் குனிந்து பெடலைத் தேடாதே, முதலில் கிளட்சை மிதி என்று எழுது. இன்ஜின் அலறும், அலறட்டும். பிரேக்கை ஒரே அழுத்தாகப் பிடித்து ஓரம் வா. பூஸ்டர் வைத்த பெட்ரோல் வண்டியில் விட்டு விட்டு மிதித்தால், பட்டர்ஃப்ளை திறந்தே கிடப்பதால் வாக்குவம் திரும்ப வராது. இரண்டு மிதிக்குமேல் பிரேக் கல்லாகிவிடும். சாவியை ஒரு படி மட்டும் திருப்பி இன்ஜினை நிறுத்து, கடைசிவரை திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இதைக் கட்டம் கட்டிப் போடச் சொல். பூண்டுக்குக் கொடுத்த அரைப்பக்கத்தை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

வேன் இன்னும் உங்கள் ஊரில்தான் ஓடுகிறது, ஒயர் இன்னும் அதில்தான் இருக்கிறது. கூப்பிட்டு நிறுத்து. உன் ஸ்பிரிங்கைக் கழற்று. ஒயரைக் கழற்றுவதற்கு முன்னால் அடியில் படுத்து, அது போகும் வழியைப் பென்சிலால் ஒரு படம் வரை, எனக்கு அதுதான் முதலில் வேண்டும். அவுட்டரைத் தொங்கவிட்டு மறுநாள் மூடியில் என்ன இருக்கிறது என்று பார். பார்ப்பதற்கு முன்னால் ஓட்டுநரிடம் அந்த ஷூ எப்போது வாங்கியது என்று கேட்டு எழுதிக்கொள். தலைப்பை மாற்று. 'வலதுகால் ஷூ' என்று வைத்தால் நானே பத்துப் பிரதி வாங்கி இங்கே கொடுப்பேன்.

ஸ்பிரிங்குக்கு அவரிடம் வாங்கிய காசைப் புது ஒயர் பில்லில் கழித்துக்கொள். கூலியில் பாதி வாங்கு, சும்மா செய்யாதே. சும்மா செய்தால் அடுத்த தடவை கோளாறை இன்னும் தாமதமாகச் சொல்வார். மலர்க்காரர்கள் தை கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார்கள், நான் பேசிவிட்டேன்.

அன்புடன்,
வத்தலக்குண்டு அண்ணன்